பறவைகளுக்காக ஒரு கவுல்



வேதியியல் என்று சொன்னாலே நம்மில் பலருக்குப் பிள்ளைகளின் பாடப்புத்தகமும், தேர்வுக்கு முந்தைய இரவின் கவலையும்தான் நினைவுக்கு வருகின்றன. அது ஏதோ ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும் கல்வி என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது நம் அடுப்படியிலும் வயலிலும் கிணற்றிலும் உலவிக் கொண்டிருக்கிறது. நாம்தான் அதைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

பெருநாள் நெருங்கும்போது, பிரியாணி தேக்சாக்களுக்கு ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். செம்புப் பாத்திரத்தை நெருப்பில் நன்றாகக் காய்ச்சி, அதனுள் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவுவார். குபீரென்று புகை எழும். மூக்கைத் துளைக்கும் காரநெடி ஒன்று பரவும். பிறகு வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சினால் தேய்த்தால் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளிபோல் பளபளக்கும். அந்தப் பொடிக்கு நவச்சாரம் என்று பெயர். செம்பின் மேல் படிந்த களிம்பை அது அரித்து அகற்றுவதால்தான் ஈயம் பற்றிக்கொள்கிறது. ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் அரபு நூல்களில் இந்த நவச்சாரத்திற்குத் தனி இடம் உண்டு. முடி, இரத்தம் போன்ற உயிர்ப்பொருள்களிலிருந்தும் அதைப் பெறலாம் என்று அந்நூல்கள் கூறுகின்றன.

நவச்சாரம் சுடும்போது எழுகின்ற அந்தக் காரநெடி அமோனியா என்னும் வாயுவினுடையது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது அமோனியா. இந்த நெடியின் வரலாற்றைத் தேடிச் சென்றால், அது நம்மைச் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள ஒரு சிற்றூரின் ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்! அந்த ஊரின் பெயர் வேடந்தாங்கல்.

வேடந்தாங்கல் என்றதும் பறவைகள் என்கிறோம். பறவைகளுக்குப் பின்னால் ஓர் உடன்படிக்கை இருந்தது. அந்த உடன்படிக்கைக்குப் பின்னால் வேதியியல் இருந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

தாங்கல் என்பது சிறிய ஏரிக்கு அந்தப் பகுதியில் வழங்கும் பெயர். வேடர்கள் வேட்டையாடிய தாங்கல் என்பதால் இப்பெயர் வந்தது என்பர். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியில் நீர்க்கடம்பும் கருவேலமும் நீருக்குள்ளேயே நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்ததும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா, கொக்கு எனப் பல்லாயிரம் பறவைகள் வந்திறங்கிக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வட்டாரத்திற்கு 'ஜாகீர்' என்று பெயர். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கிய நிலப்பகுதி இது. 1790களில் ஆங்கிலச் சிப்பாய்கள் சிலர் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊர் மக்கள் கொதித்தெழுந்தனர். செங்கல்பட்டிலிருந்த கலெக்டரிடம் திரண்டு சென்று முறையிட்டனர். அப்போது கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ் என்பவர். மதுராந்தகம் பெரிய ஏரியின் கரையைச் செப்பனிட்டவரும் இவரே. அவர் 1798ஆம் ஆண்டு வாக்கில் ஊராருக்கு ஓர் ஆவணம் எழுதிக் கொடுத்தார். ஏரியின் எல்லைக்குள் எவரும் பறவைகளைச் சுடவோ பிடிக்கவோ கூடாது; அதைத் தடுக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்பது அதன் சாரம். 1858இல் செங்கல்பட்டுக் கலெக்டர் அந்த உரிமையை மீண்டும் உறுதிப்படுத்தினார்.

அந்த ஆவணத்திற்குப் பெயர் 'கவுல்'. ஆங்கிலேயரின் ஏடுகளிலும் இதே சொல்தான் அவர்கள் எழுத்தில் பதிவாகியுள்ளது. மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 'கவ்ல்' என்றால் அரபியில் சொல், வாக்கு. வசூல், ரசீது, ஜமாபந்தி, தாசில் ஆகிய சொற்களோடு நவாபுகளின் வருவாய்த்துறை வழியாகத் தமிழுக்கு வந்து, 'கவுல் கொடுத்தான்' என்று குடியானவனின் வாயில் புழங்கிய சொல் அது. காட்டையும் மேய்ச்சலையும் ஊரின் பொதுநன்மைக்காக வேலியிட்டுக் காப்பது நம் வரலாற்றிலும் புதிதன்று. மதீனாவுக்கு அருகிலுள்ள அந்நகீஃ பள்ளத்தாக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'ஹிமா'வாக, அதாவது காக்கப்பட்ட நிலமாக அறிவித்ததை நாம் அறிவோம். ஆனால் வேடந்தாங்கலில் முதலில் வாக்கைக் கேட்டவர் ஆட்சியாளர் அல்லர். கேட்டவர்கள் குடியானவர்கள்.

ஏன் கேட்டார்கள்? பறவைகள் மீது அவர்களுக்கு அன்பு இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆயினும், ஏர் பிடிக்கும் மக்கள் வேலையை விட்டுவிட்டுக் கலெக்டரின் வாசலில் போய் நிற்க அன்பு ஒன்றே போதுமா? பறவை தங்கிய ஏரியின் நீர் பாய்ந்தால் நெல் கருகருவென்று வளர்கிறது, வேறு எரு வேண்டியதில்லை என்பதைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கண்டிருந்தனர். விளைச்சல் பெருகினால் கம்பெனிக்கும் வரி பெருகும். கலெக்டரின் பேனா அவ்வளவு விரைவாக ஓடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

எச்சத்தில் என்ன இருக்கிறது?

இறைவனின் படைப்பில் வியக்கத்தக்க ஓர் ஏற்பாட்டை இங்கே காண்கிறோம். உண்ட புரதம் உடலில் சிதையும்போது நைட்ரஜன் கழிவாக மிஞ்சுகிறது. நாமும் ஆடுமாடுகளும் அதை யூரியாவாக மாற்றி, நிறைய நீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றுகிறோம். பறவையால் அது இயலாது. பறக்கும் உயிர் நீரைச் சுமந்து திரிய முடியாது. அதைவிட முக்கியம், அதன் வாழ்க்கை மூடிய முட்டைக்குள் தொடங்குகிறது. முட்டைக்குள் வளரும் குஞ்சின் கழிவு நீரில் கரையும் பொருளாக இருந்தால், அந்த நஞ்சிலேயே அது மூழ்கிவிடும். எனவே பறவைக்கு நைட்ரஜன் கழிவு, நீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாக அமைந்துள்ளது. எச்சத்தில் நாம் காணும் வெள்ளைப் பகுதி அதுவே. மூட்டுவலிக்காக இரத்தம் சோதிக்கப் போகும்போது நம் சீட்டில் எழுதப்படுகிற அதே 'யூரிக் ஆசிட்'தான்!

யூரிக் அமிலத்தின் எடையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன். அது ஏரியில் விழுந்ததும் நீரிலும் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து முதலில் அமோனியாவாக்குகின்றன. வேறு நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றைப் பயிரின் வேர் உறிஞ்சி இலையின் பச்சையமாகவும் நெல்மணியின் புரதமாகவும் ஆக்கிக்கொள்கிறது. எச்சத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கூடவே உண்டு.

நாம் உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தானே, பிறகு பயிருக்கு என்ன பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். காற்றிலுள்ள நைட்ரஜனில் இரண்டிரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்கும் ஆற்றல் பயிருக்கு இல்லை. மின்னல் கொஞ்சம் அவிழ்க்கிறது. அவரை, உளுந்து போன்ற செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள் அவிழ்க்கின்றன. ஆகவே அவிழ்ந்த நைட்ரஜன் மண்ணில் எப்போதும் அரிய செல்வம். வேடந்தாங்கல் பறவைகளோ காலை முதல் மாலை வரை சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மீன், தவளை, நத்தை என்று பொறுக்கித் தின்றுவிட்டு, ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த அந்தச் செல்வத்தை ஒரே ஏரியில் கொண்டுவந்து கொட்டுகின்றன. கூலி கேட்காத சுமைகாரர்கள்!

கவுல் எழுதப்பட்டபோது இந்த வேதியியலை உலகில் எவரும் அறிந்திருக்கவில்லை. நைட்ரஜன் தனி வாயு என்று ஸ்காட்லாந்தின் டேனியல் ரூதர்ஃபோர்டு கண்டது 1772இல். அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது 1790இல். பறவை எச்ச உரத்தை ஃபூர்க்ருவா, வோக்கலன் என்னும் பிரெஞ்சு வேதியியலார் பகுத்துப் பார்த்து, அதில் யூரிக் அமிலம் இருப்பதைச் சொன்னது 1806 வாக்கில்தான். வேடந்தாங்கல் குடியானவர்களுக்குப் பெயர் தெரியாது, பயன் தெரிந்திருந்தது.

துப்பாக்கியிலும் அதே சத்து

பறவைகளைச் சுட்ட சிப்பாய்களின் துப்பாக்கி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்நாளைய வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். சாணமும் சிறுநீரும் ஊறிய மண்ணில் நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற நைட்ரேட், கோடையில் வெள்ளையாகப் பூத்து வரும். அதைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுப்பார்கள். பீகாரிலிருந்து கம்பெனிக் கப்பல்கள் இதை மூட்டை மூட்டையாக இலண்டனுக்கு ஏற்றிச் சென்றன. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் இப்னுல் பைத்தார் என்னும் தாவர மருத்துவ அறிஞர் இதனைச் 'சீனத்துப் பனி' என்று குறிப்பிட்டுள்ளார். அதே நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், மரச்சாம்பல் சேர்த்து வெடியுப்பைத் தூய்மைப்படுத்தும் முறையை விரிவாக எழுதிவைத்தார். சாம்பலிலுள்ள காரம், வெடியுப்போடு கலந்திருக்கும் சுண்ண உப்புகளை அடியில் படியச் செய்துவிடும்.

ஆக, ஏரியில் விழுந்து நெல்லை வளர்த்ததும் நைட்ரஜன். அந்தப் பறவையை வீழ்த்திய குண்டை உந்தித் தள்ளியதும் நைட்ரஜன். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்க் குழந்தைகளின் பொறுமையை எண்ணிப் பாருங்கள்!

கடல் கடந்து ஒரு காட்சியைக் காண்போம். தென் அமெரிக்காவின் பெரு நாட்டை ஒட்டிய சின்ச்சா தீவுகளில் மழை அரிது. அங்கே கடற்பறவைகளின் எச்சம் கரையாமல் பல்லாண்டுகளாகக் குவிந்து நூறடிக்கும் மேல் மலையாக உயர்ந்திருந்தது. இன்கா மன்னர்கள் அப்பறவைகளைக் கொல்பவருக்கு மரண தண்டனை விதித்திருந்தனர் என்று பழைய ஏடுகள் கூறுகின்றன. அறிஞர் ஹும்போல்ட் 1804இல் அந்த எச்சத்தின் மாதிரியை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். 1840 முதல் கப்பல் கப்பலாக அள்ளத் தொடங்கினார்கள். வெட்டி எடுத்தவர்கள் ஏமாற்றி அழைத்துவரப்பட்ட சீனக் கூலிகள். அந்தத் தூசியில் மாண்டவர்கள் பலர். 1864இல் ஸ்பெயின் அத்தீவுகளைப் பிடித்துக்கொண்டது, போர் மூண்டது. ஒரு தலைமுறைக்குள் மலை கரைந்துபோயிற்று. அடுத்து, அட்டகாமா பாலைவனத்து நைட்ரேட்டுக்காகச் சிலி ஒருபுறமும் பெரு, பொலிவியா மறுபுறமுமாக 1879இல் மீண்டும் போர். எல்லாம் அள்ளித் தீர்ந்த பிறகு, 1909இல்தான் பெரு அரசு பறவைகளைக் காத்து எச்சத்தை அளவோடு எடுக்க ஒரு நிறுவனத்தை அமைத்தது. வேடந்தாங்கல் அதைச் செய்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அதே 1909இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்பவர், காற்றிலுள்ள நைட்ரஜனின் கட்டை அவிழ்த்துக் காட்டினார். கடும் வெப்பத்திலும் பேரழுத்தத்திலும் வினையூக்கியின் துணையோடு நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அமோனியாவாக்கினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913இல் ஓப்பாவ் என்னும் இடத்தில் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இந்த அமோனியாவால் விளைவது என்று மதிப்பிடுகிறார்கள். நம் தட்டிலுள்ள சோற்றையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஆனால் முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு வெடிமருந்து தந்ததும் அந்த ஆலைகளே. அதே ஹேபர்தான் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிடும் பணியை முன்னின்று நடத்தினார். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுகத்தில் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அம்மோனியம் நைட்ரேட்டும் உரமாகப் பயன்படும் பொருளே. 2,750 டன் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் சென்னை எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறிக் கைக்குழந்தைகளோடு வீதிக்கு ஓடிவந்தார்களே, கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அந்த வாயுவும் அமோனியாதான்.

யூரியா மூட்டை வந்த பிறகு

தமிழகத்தில் ராணிப்பேட்டையில் 1906இலேயே சூப்பர் பாஸ்பேட் தயாரானது. யூரியா பெருகியது பசுமைப் புரட்சிக்குப் பின்னர்தான். 1971இல் மணலியிலும், 1975இல் தூத்துக்குடியிலும் அமோனியா, யூரியா ஆலைகள் இயங்கத் தொடங்கின. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். ஒரு 45 கிலோ மூட்டைக்குள் இருபது கிலோவுக்கு மேல் நைட்ரஜன் அடங்கிவிடுகிறது. மிதிவண்டியில் வைத்து வயலுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். பஞ்ச காலத்தை அறிந்த எவரும் இதைப் பழிக்கமாட்டார். நானும் பழிக்கவில்லை.

எனினும் இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். பயிர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய நைட்ரேட் மழைநீரோடு இறங்கிக் கிணற்றில் சேர்கிறது. குடிநீரில் அது ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரக்கட்டுப்பாடு. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்க நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்தினால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து குழந்தை நீலம் பாரித்துவிடும். 1945இலேயே மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதியுள்ளனர். தாய்மார்கள் கவனிக்க: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். வயல் சூழ்ந்த கிணற்று நீரை ஒருமுறை சோதனைக்குக் கொடுத்து அறிந்துகொள்ளுங்கள்.

மற்றொன்று, பூச்சிக்கொல்லி. டி.டி.டி. மருந்து மீனிலும் தவளையிலும் சேர்ந்து, அவற்றைத் தின்னும் பறவையின் உடலில் பன்மடங்காகி, முட்டையோட்டுக்குச் சுண்ணாம்பு சேரவிடாமல் தடுக்கிறது. தாய் அடைகாக்க உட்கார்ந்ததும் ஓடு நொறுங்கிவிடும். இங்கிலாந்தில் ராட்கிளிஃப் 1967இல் இதை எடுத்துக்காட்டினார். இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி. 1989இல் தடைசெய்யப்பட்டது. வேடந்தாங்கல் பறவைகள் கூடு கட்டுவது ஏரியில். இரை தேடுவதோ மருந்து தெளித்த வயல்களில். கரையைக் காவல் காத்தால் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

யூரியா கடையில் கிடைக்கும்போது பறவை எச்சத்தை நம்பி வாழ வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கவுல் கேட்ட நாளிலிருந்த காரணம் தளர்ந்துவிட்டது. காவல் பொறுப்பும் ஊரிடமிருந்து அரசிடம் சென்றது. 1962இல் வனச்சட்டத்தின்கீழும், பின்னர் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் ஏரி காக்கப்பட்டது. 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சுற்றளவு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அதை மூன்று கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு எழுந்தது, ஊராரும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தனர், அது நிறைவேறவில்லை. 2022இல் வேடந்தாங்கல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இத்தனை சட்டங்கள் இருந்தும், அந்த எதிர்ப்புக் குரல்களில் வேடந்தாங்கல் விவசாயிகளின் குரலும் இருந்ததை நான் பெரிதாக எண்ணுகிறேன். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கலெக்டரின் வாசலில் நின்றவர்களின் வழிவந்தோர் அவர்கள்.

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் சென்று படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் சிறிது நேரத்தில் ஏரிக்கரை. மழை நன்றாகப் பெய்த ஆண்டில், டிசம்பர், ஜனவரி மாதங்களில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அஸருக்குப் பிறகு கரையில் நின்றால் போதும். இரை தேடப்போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருவதைக் காணலாம். நீருக்குள் நிற்கும் மரங்களின் இலைகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். அது என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், சொல்லிக் கொடுங்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது காரமான ஒரு நெடி மூக்கில் ஏறும். பாட்டனாரோ பாட்டியாரோ உடன் வந்திருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேக்சாவுக்கு ஈயம் பூசிய நாளில் எழுந்த நெடிதான் அது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.